பதினோரு பேர் பிழைத்த கதை

வருஷத்துக்கு இருபத்துநான்கு புத்தகம். எங்கள் கிளை நூலகம் அறிவித்த வாசிப்புப் போட்டி அதுதான். ஒவ்வொரு புத்தகமும் முடிந்ததும் அரைப் பக்கச் சீட்டு ஒன்று எழுத வேண்டும். நூலகரிடம் ஐந்து நிமிஷம் அதைப் பற்றிப் பேச வேண்டும். அவருக்குத் திருப்தியானால் சுவரில் தொங்கும் அட்டவணையில் நம் பெயருக்கு நேரே ஒரு முத்திரை குத்துவார். பரிசு கிடையாது. "படிச்சதே பரிசுதானே சார்" என்பார் நூலகர். சும்மா பேச்சுக்குச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மனுஷன் நிஜமாகவே அதை நம்பினார்.

நான் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவன். இருபத்திரண்டு வருஷமாக ஊரில் பாதிப் பேர் என் கையால் தேய்த்த கண்ணாடி வழியாகத்தான் படிக்கிறார்கள். நான் மட்டும் எந்தப் புத்தகத்திலும் ஏழாம் பக்கத்தைத் தாண்டியதில்லை. ஏழாம் பக்கத்தில் தூக்கம் எனக்காகப் பாய் விரித்துக் காத்திருக்கும்.

அப்படிப்பட்டவன் போட்டியில் சேர்ந்ததற்கு என் வாய்தான் காரணம். கடையின் கேஷியர் அம்மா ஏற்கெனவே சேர்ந்திருந்தாள். வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் கல்லாவுக்குக் கீழே புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வாள். ஒரு நாள், "இருபத்துநாலு புக்கெல்லாம் ஒரு விஷயமா?" என்று சொல்லிவைத்தேன்.

"யாரு, லென்ஸ்காரரா? மருந்துச் சீட்டைப் படிக்கவே கொட்டாவி விடுற ஆளு!"

"நான் நினைச்சா முடிப்பேன்."

"நினைங்க, பாப்போம். யார் தோத்தாலும் அடுத்த வருஷம் பூரா கடைக்கு டீ போடணும். டம்ளர் கழுவுறதும் சேர்த்துத்தான்."

சரி என்றேன். அன்று சாயங்காலமே ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். ஏழாம் பக்கம். பாய். அவ்வளவுதான்.

மறுநாள்தான் எனக்கு அக்கா ஞாபகம் வந்தாள். எனக்குக் காரியம் ஆக வேண்டியிருந்தால்தான் அவள் ஞாபகம் வரும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்கள் கண்டுபிடிப்பதைவிட அது மேல்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். பஸ்ஸில் இரண்டரை மணி நேரத் தொலைவில் இருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் போய்விட்டது, 'ம்' என்ற ஒற்றைச் சத்தம்தான் மிச்சம். அக்கா பார்சல் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கையில் எப்போதும் நூலகப் புத்தகம். நான் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போன் செய்வேன். பண்டிகை, துக்கம் என்று ஏதாவது வந்தால் ஒன்றரை மாதம்.

போன் செய்தேன். "சின்ன வயசுல கதை சொல்வியேக்கா, அந்த மாதிரி ஒண்ணு சொல்லேன். வேலை செய்யறப்ப உன் குரல் கேட்டா அலுப்பே தெரியாது" என்றேன். நன்றாகத்தான் வந்தது. ஒத்திகை பார்த்திருந்தேனே.

மறுமுனையில் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"நிஜமாவாடா சொல்றே?" என்றாள்.

"பின்னே? ஒரு கஸ்டமர் ஒரு நாவல் நல்லாயிருக்குன்னு சொன்னார்..." என்று புத்தகத்தின் பெயரைச் சொன்னேன். அவள் அதைப் படித்திருந்தாள். சந்தோஷத்தில் மூச்சு விடாமல் நாற்பது நிமிஷம் சொன்னாள். நான் மெஷினை மெதுவாக ஓடவிட்டு, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, லென்ஸ் பவர் எழுதும் காகித உறைகளின் பின்பக்கத்தில் குறிப்பெடுத்தேன். மறுநாள் முதல் முத்திரை விழுந்தது.

அதிலிருந்து தினமும் மத்தியானம் மூன்று மணிக்குப் போன். அவள் படிக்காத புத்தகமாக இருந்தால் மாமாவைப் பக்கத்து வீட்டம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு நூலகத்துக்குப் போய் எடுத்து வருவாள். மூன்று நாளில் முடிப்பாள். கதையில் கிழவர் வந்தால் கிழவராகவே இருமுவாள். கழுதை வந்தால் அதுவும். "தினம் மூணு மணி ஆனா உங்க மாமா கண்ணு போன் மேலயே இருக்குடா" என்று ஒரு நாள் சொன்னாள். "அப்படியா" என்றேன். அந்தக் கதையில் திருடன் பெயரை எப்படி எழுதுவது என்பதில் இருந்தது என் கவலை.

இன்னொரு நாள், "எழுத்தெல்லாம் கலங்கித் தெரியுதுடா. கண்ணாடிக்கு ஒரு பக்கக் கம்பியும் ஒடிஞ்சு போச்சு, நூல் போட்டுக் கட்டியிருக்கேன். உனக்கு நேரம் கிடைக்கறப்ப..." என்றாள்.

"அடுத்த வாரம் பாக்கறேன்க்கா. அது கிடக்கட்டும், அந்த டாக்டரம்மா திரும்பி வந்தாளா இல்லையா?"

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். ஊர்க்காரர்களுக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவன் சொன்னது இது.

ஐந்தாம் மாதம் என் பெயருக்கு நேரே ஒன்பது முத்திரை. கேஷியர் அம்மாவுக்கு ஏழு. "உள்ளே பக்கம் புரட்டுற சத்தமே கேக்க மாட்டேங்குதே லென்ஸ்காரரே" என்பாள். "ஆழமாப் படிக்கிறவன் மெதுவாத்தான் புரட்டுவான்" என்பேன். என் சீட்டுகளை நூலகர் வாசலில் இருந்த பலகையில் குத்தி வைத்திருந்தார். அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் அந்தப் புத்தகங்களை எடுத்துப்போனதாகச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

பத்தாவது, ஒரு தடிமனான நாவல். ஒரு மிதவைப் பாலம். அக்காவும் தம்பியுமாக அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். படகு வரும்போது பாலத்தின் நடுப் பலகையைத் தூக்க வேண்டும். இரண்டு கயிறு, ஆளுக்கொன்று. வெள்ளக் காலத்தில் ஊரில் ஒரு பிரசவம் சிக்கலாகிறது. அக்கரையிலிருந்து மருத்துவரை அழைத்துவரத் தம்பி கிளம்புகிறான். என் அக்கா இதை நான்கு மத்தியானங்கள் சொன்னாள். நூலகர் முன்னால் உட்கார்ந்து நான் ஐந்து நிமிஷத்தில் அவிழ்த்துவிட்டேன்.

"கடைசி அத்தியாயம்தான் சார் உச்சம்! விடியறப்ப தம்பி மருத்துவரைக் கூட்டிட்டு வந்து, சொட்டச் சொட்ட நிக்கறான். அக்காக்காரி ஒரு வார்த்தை பேசலை. துண்டை எடுத்து நீட்டுறா. அவ்வளவுதான். அதுல எல்லாம் வந்துடுச்சு பாருங்க!"

நூலகர் கையில் முத்திரைக் கட்டை இருந்தது. அது கீழே இறங்கவில்லை.

"துண்டா?" என்றார்.

"துண்டு."

அவர் நூலகப் பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். தையலை விரித்து, பக்கம் ஏதும் கிழிந்திருக்கிறதா என்று பார்த்தார். எண்களைக் கணக்குப் பார்த்தார். என்மேல் சந்தேகம் வருவதற்கு முன்னால் புத்தகத்தின்மேல் சந்தேகப்பட்ட அந்த இரண்டு நிமிஷத்தை நினைத்தால் எனக்கு இன்னமும் காது சுடுகிறது.

"பக்கம் எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு. இதை நான் நாலு தடவை படிச்சிருக்கேன். தம்பி திரும்பி வரவே இல்லையே?"

நான் மேஜையைப் பார்த்தேன். நல்ல மேஜை.

அவர் எழுந்து போய்ப் பலகையிலிருந்து என் பழைய சீட்டுகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றாக வைத்தார். "முடிவைப் போட்டு உடைச்சிடக் கூடாதுன்னு நாகரிகமா மாத்தி எழுதறீங்கன்னு நினைச்சேன். நல்ல பழக்கம்னு ரெண்டு பேர்கிட்ட சொல்லக்கூடச் செஞ்சேன். ஆனா பத்துலயும் ஒருத்தர்கூடச் சாகலையே சார். இந்தப் பத்துப் புத்தகத்துல மொத்தம் பதினோரு பேர் செத்துப் போறாங்க. நீங்க பதினோரு பேரையும் காப்பாத்தியிருக்கீங்க."

திட்டியிருக்கலாம். அட்டவணையில் என் பெயரை அடித்திருக்கலாம். புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, "படிச்சிட்டு வாங்க. நல்ல புத்தகம்" என்றார். அவ்வளவுதான். திட்டுக்கு நான் தயாராக இருந்தேன்; இதற்கு இல்லை.

அக்கா எதற்காகப் பொய் சொன்னாள் என்று தெரிந்துகொள்ளத்தான் அதைத் திறந்தேன். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் முதல் பக்கத்தில் அந்தப் பெண் கயிற்றில் தார் பூசிக்கொண்டிருந்தாள், தம்பி அவள் பூசியதில் கால் வைத்து வழுக்கினான், அவள் திட்டினாள், நான் சிரித்துவிட்டேன். ஏழாம் பக்கம் வந்தது. பாயைக் காணோம். எட்டாம் பக்கம் எப்படி இருக்கும் என்று நாற்பத்தாறு வயதில் முதல் முறையாகப் பார்த்தேன்.

அடுத்த மூன்று நாளும் நான் கடைக்கு வந்துபோனேன் என்று வருகைப் பதிவேடு சொல்லும். நான் ஆற்றங்கரையில் இருந்தேன். அக்கா சொன்னதெல்லாம் அதில் இருந்தது, ஆனால் அவள் சொல்லாதது அதைவிட அதிகம் இருந்தது. பலகை தண்ணீரில் ஊறும் வாசனை. இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலே ஒரே நேரத்தில் கயிற்றை இழுப்பது. அவன் விசிலடித்தால் அவளுக்கு எரிச்சல். அவன் விசிலடிக்காத நாளில் இன்னும் எரிச்சல். மெஷின் முன்னால் ஒரு கை, புத்தகத்தில் ஒரு கை என்று வேலை செய்து, ஒரு லென்ஸின் அச்சைக் குறுக்கே திருப்பி வெட்டிவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தத் தப்பை நான் செய்ததில்லை. அந்த மூன்று நாளும் மூன்று மணிக்கு, வேலை அதிகம் என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்.

கடைசி அத்தியாயத்தில் மருத்துவர் வேறு யாரோ ஒருவரின் படகில் வந்து இறங்குகிறார். தனியாக. ஊரில் குழந்தை பிறக்கிறது. அன்று சாயங்காலம் ஒரு படகு மணியடிக்கிறது. அக்கா போய்த் தன் கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டு, தம்பியின் கயிற்றை வலது கையில் எடுக்கிறாள். புத்தகம் அங்கே முடிகிறது.

கேஷியர் அம்மா ஒரு பிரேம் கேட்டுப் பின்னறைக்கு வந்தாள். "என்ன லென்ஸ்காரரே, கண்ணுல தூள் விழுந்..." என்று ஆரம்பித்தவள் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அப்புறம்தான் துண்டு ஞாபகம் வந்தது. எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். மழையில் எங்கேயோ தொலைத்த ஒற்றைச் செருப்பைத் தேடிப்போய், செருப்பும் கிடைக்காமல், அடி விழும் என்ற பயத்தில் இருட்டும் வரை வெளியே நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தது அக்கா. எதுவும் கேட்கவில்லை. துண்டை நீட்டினாள். அவ்வளவு காலத்துக்கு முந்தைய துண்டை எடுத்து, அந்தத் தம்பிக்குப் போர்த்தி, அவனை உயிரோடு என்னிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். நான் அதை உறையின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன்.

பதினோரு சாவு. அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பதினொன்றையும் தனியாகப் படித்திருக்கிறாள். கலங்கித் தெரியும் எழுத்தில், நூல் கட்டிய கண்ணாடியோடு.

ஞாயிற்றுக்கிழமை, கடையில் கண் பார்க்கும் மேடத்திடம் சோதனை லென்ஸ் பெட்டியை இரவல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"என்னடா சொல்லாம கொள்ளாம? மூணு நாளா போனும் இல்ல. உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்றாள் அக்கா. அந்தக் கண்ணாடியை அப்போதுதான் பார்த்தேன். கறுப்பு நூல். என்னைப் போன்ற தொழில்காரன் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டிய கட்டு. மாமா கட்டிலிலிருந்து 'ம்' என்றார். அது வரவேற்பா கேள்வியா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாது என்பதே என்னைக் குத்தியது.

லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பவரைக் கண்டுபிடித்தேன். பழைய கண்ணாடிக்கும் அவள் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. கடைசியாக இரண்டு கருவிழிகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். அதற்கு எதிரே முட்டிக்கு முட்டி உட்கார்ந்து, மூக்கின்மேல் சின்ன ஸ்கேலை வைத்து, ஒருவர் கண்ணை ஒருவர் நேராகப் பார்க்க வேண்டும்.

"அசையாதே. என் கண்ணையே பாரு" என்றேன்.

பார்த்தாள். கடையில் இந்த அளவை எடுப்பதும் நான்தான்; ஆயிரக்கணக்கான பேரை அப்படி உட்கார வைத்திருக்கிறேன். யாரிடமும் எனக்கு ஒளிக்க எதுவும் இருந்ததில்லை.

"அக்கா, பாலத்துக் கதைல தம்பி திரும்பி வரலை."

அவள் அசையவில்லை. "படிச்சியா?"

"படிச்சேன்."

"நீயா?"

"நானேதான். முழுசா."

"எதுக்குடா படிச்சே?" என்று அவள் கேட்ட விதம், எதற்கடா விழுந்தாய் என்று கேட்பதுபோல் இருந்தது. "யானைக்குட்டி செத்துப்போற கதை சொன்னதுக்கே ரெண்டு நாள் சோறு திங்கலை நீ."

"அப்ப எனக்கு ஏழு வயசுக்கா. இப்ப நாப்பத்தாறு."

"அதுக்கென்ன இப்ப? அதோட..." கண்ணை எடுக்காமலே குரலைத் தணித்தாள். "ஸ்பீக்கர்ல போட்டுத்தானே சொல்வேன். அவரும் கேட்டுட்டு இருந்தார்ல."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஸ்கேலைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போட்டி, சீட்டு, முத்திரை, டீ, உறையின் பின்பக்கம்.

"அப்ப தினம் மூணு மணிக்குப் போன் பண்ணது அதுக்குத்தானா?"

"முதல்ல அதுக்குத்தான்."

"முதல்லன்னா எதுவரைக்கும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஒரு எட்டு புக் வரைக்கும்" என்றேன்.

அக்கா எழுந்துகொண்டாள். மாமாவை ஒருக்களித்துப் படுக்க வைக்கும் நேரம் இன்னும் ஆகவில்லை. இருந்தாலும் போய்ப் புரட்டிப் படுக்க வைத்தாள். தலையணையைத் தட்டினாள். தட்டிய தலையணையை மறுபடியும் தட்டினாள். நான் அந்த அறையில் இருந்த ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை மாதமாக அவள் எதை அன்பு என்று நினைத்துக் கழுதையாகக் கத்தினாளோ, அது எனக்கு அட்டவணையில் ஒரு சதுரத்தில் விழும் ஊதா மை.

திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தாள். "அளவு எடுத்துட்டியா?"

ஸ்கேலில் அறுபத்துநான்கு மில்லிமீட்டர் என்று குறித்திருந்தேன். மறுபடி வைத்தேன். அறுபது. வளர்ந்த மனுஷருக்கு மாறாத அளவு அது. எங்கள் இருவரில் யாருடைய கண் தளும்பியதால் முதல் அளவு தப்பியது என்று நான் ஆராயவில்லை.

"இனிமே நீ படி. மூணு மணிக்கு நீ சொல்லு, நாங்க கேக்கறோம்" என்றாள். "கழுதை வந்தா கத்தணும். முடிவை மாத்துனே, தொலைச்சுடுவேன்."

கட்டிலிலிருந்து 'ம்' வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

திங்கட்கிழமை நூலகரிடம் போய், ஒன்பது முத்திரையையும் அடித்துவிடச் சொன்னேன். அடித்தார், பாலத்துக்கு ஒன்று குத்தினார். ஒன்பதிலிருந்து ஒன்றுக்கு இறங்கியதில் கேஷியர் அம்மாவுக்கு மூன்று நாள் சிரிப்பு. "டம்ளர் எல்லாம் இப்பவே காட்டித் தரட்டுமா லென்ஸ்காரரே?" என்றாள். புதுக் கண்ணாடியை அந்த வாரமே அனுப்பினேன். கம்பி இரண்டும் உறுதியானது.

அடுத்து நான் எடுத்த புத்தகத்தில், மாடி அறையில் ஒரு மனுஷர் எழுந்திருக்க முடியாமல் படுத்திருக்கிறார். அவர் மனைவி ஜன்னலில் நின்று கீழே தெருவில் நடப்பதையெல்லாம் அவருக்குச் சொல்கிறாள். பாதியைத் தெருவே தராது. அவளே இட்டுக் கட்டுவாள். தபால்காரருக்கும் துணி தேய்ப்பவருக்கும் சண்டை மூட்டிவிடுவாள், மறுநாள் சமாதானம் செய்துவைப்பாள். இப்படி ஒரு புத்தகம் நம் ஊர் அலமாரியில் இத்தனை வருஷம் சும்மா நின்றிருக்கிறதே என்று எனக்கு ஆத்திரமே வந்தது. அன்றன்றைக்குப் படித்ததை அன்றன்றைக்கே மூன்று மணிக்குச் சொன்னேன். மாமா 'ம்' 'ம்' என்று கேட்டுக்கொண்டே வந்தார். தபால்காரர் வரும்போது மட்டும் இரண்டு 'ம்'.

முழுசாகப் படித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்திருக்க வேண்டும். புதுசாகப் படிக்கிற எனக்கு அந்தப் புத்தி எங்கே இருந்தது?

கடைசி அத்தியாயத்தைக் காலையில் முடித்தேன். நூலகச் சீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலேயே முத்திரையும் வாங்கிவிட்டேன். மூன்று மணிக்கு மெஷினை நிறுத்தினேன். போன் மாமாவின் தலையணைமேல் இருந்தது. அவர் மூச்சு கேட்டது.

"ம், சொல்லு. அந்த அம்மா ஜன்னல்லேர்ந்து திரும்பிப் பாத்தாளா?" என்றாள் அக்கா.

"பாத்தா."

"அப்புறம்?"

புத்தகம் என் முன்னால் திறந்தே இருந்தது. நான்கே வரிதான். மாமாவின் மூச்சு ஒரு கணம் நின்று, மறுபடி வந்தது.

"எழுந்து உக்காந்துட்டார்க்கா" என்றேன். "மெதுவா கட்டிலைப் பிடிச்சுட்டு ஜன்னல் வரைக்கும் நடந்து போறார். கீழே பாக்கறார். தபால்காரர் மேலே பாத்துக் கையாட்டறார்."

தலையணைப் பக்கமிருந்து இரண்டு 'ம்' வந்தது. மூன்றாவது ஒன்றும் வந்தது.

"ஏண்டா," என்றாள் அக்கா கடைசியில், "அவருக்கு யாராவது துண்டு எடுத்துக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கக்கா" என்றேன்.